சலாசர் ஆட்சியின் குரலா? அமாலியா ரொட்ரிகெஸ் மீதான இரு குற்றச்சாட்டுகள்

போர்ச்சுகலின் ஃபாடோ பாடகி அமாலியா ரொட்ரிகெஸ் (1920–1999) இரு காலங்களில் இருவேறு குற்றச்சாட்டுகளுக்கு ஆளானார். பெருங்கவிஞர்களின் பாக்களைப் பாடி ஃபாடோவின் எளிமையைக் கெடுத்தார் என்று 1960களில் மரபுவாதிகள் குறைகூறினர். சலாசரின் சர்வாதிகார ஆட்சிக்குத் துணைபோனார் என்று 1974 ஏப்ரல் புரட்சிக்குப் பின் இடதுசாரிகளில் ஒரு சாரார் சாடினர். எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்தாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: ஃபாடோ, எளியோர் தம் விதியை நொந்து பாடும் பாட்டு, சிந்தனைக்கு அங்கே வேலையில்லை. அமாலியாவின் இசைத்தட்டுகள் இந்த முன்முடிவை மறுக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரபான ஃபாடோவில் மெட்டுகள் பொதுச்சொத்து. யாப்பு பொருந்தினால் ஒரே மெட்டில் எந்தப் பாட்டையும் பாடலாம். 1962இல் வெளிவந்த ‘புஷ்டு’ இசைத்தட்டில் இம்முறையும் புதுமுறையும் அருகருகே நிற்கின்றன. பெட்ரு ஓமெம் டி மெலுவின் கவிதை அதில் ஒரு பழைய ஃபாடோ மெட்டில் அமர்கிறது. அமாலியாவே எழுதிய வரிகளுக்கு ஆல்ஃபிரெடு மார்செனெய்ருவின் மெட்டு. வேறு கவிதைகளுக்கோ இசையமைப்பாளர் அலன் ஊல்மன் தனித்தனியே இசையமைத்தார். மரபு கவிதையை ஏற்கும் என்பதற்கு முதலிரண்டும் சான்று. கவிதை மரபை விரிக்கும் என்பதற்கு ஊல்மனின் பாடல்கள் சான்று. 1965இல் கமோயன்ஸின் பாக்களை அமாலியா பாடியபோது எழுந்த எதிர்ப்பு, இசையைவிட இலக்கியத் தகுதியைப் பற்றியதே. லிஸ்பன் துறைமுகப் பகுதியில் பழம் விற்ற பெண் தேசியக் கவியைத் தொடலாமா என்பதே அதன் உட்கேள்வி.

அரசியல் குற்றச்சாட்டு முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1949இல் ஆட்சியின் பரப்புரைத் தலைவர் அன்டோனியு ஃபெர்ரு ஏற்பாட்டில் அமாலியா பாரிசிலும் லண்டனிலும் பாடினார்; அரசு அவர் புகழைப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் அதே ‘புஷ்டு’வில் டாவிட் மொராவ்-ஃபெரைரா எழுதிய ‘அபாண்டோனு’வும் உண்டு. பெனீஷ் கோட்டையின் அரசியல் கைதிகளை நினைவூட்டியதால் மக்கள் அதைப் ‘பெனீஷ் ஃபாடோ’ என்றே அழைத்தனர். 1966இல் அரசியல் காவல்துறை ஊல்மனைக் கைதுசெய்து நாடுகடத்தியது. அமாலியா அவரைக் கைவிடவில்லை. 1970இல் வெளிவந்த ‘கொம் கெ வோஸ்’ தட்டின் இசை முழுவதும் ஊல்மனுடையது. தலைமறைவில் இயங்கிய கம்யூனிஸ்டுகளுக்கு அமாலியா பண உதவி செய்ததாக எழுத்தாளர் சரமாகு பின்னாளில் கூறினார். எனினும் இரகசிய நன்கொடையைவிட, எல்லார் காதிலும் விழப் பதிவான இந்தப் பாடல்களே வலிய சான்று. இவை அவரைப் புரட்சியாளராக்கவில்லை. ஆட்சியின் கருவி என்ற முத்திரை பொருந்தாது என்பதை மட்டும் நிறுவுகின்றன.

2001இல் லிஸ்பனின் தேசிய நினைவாலயத்தில் இடம்பெற்ற முதல் பெண்ணானார் அமாலியா. அரசு தந்த அம்மதிப்பைவிட, அவர் திறந்த வழியே பெரிது. பாடகர்கள் கமானேயும் மரிசாவும் இன்று கவிஞர் பெசோவாவின் கவிதைகளை ஃபாடோவாகப் பாடும்போது, தகுதி பற்றிய பழைய கேள்வியை யாரும் எழுப்புவதில்லை. அமாலியாவை மதிப்பிட அவர் யாரோடு மேடையேறினார் என்பதைவிட, எதைப் பாடத் தேர்ந்தார் என்பதே சரியான அளவுகோல்.