பென்னிகுக் கோப்பையும் 6.2.4 விதியும்

கூடலூரிலிருந்து குமுளி போகிற வழியில், மலை ஏறுவதற்கு முன்னால் லோயர் கேம்ப். மின் நிலையமும் 2013-ல் திறந்த பென்னிகுக் மணிமண்டபமும் அங்கேதான். வருகிறவர்கள் 1895-ல் திறந்த பெரியாறு அணையைப் பற்றிப் பேசுவார்கள். அவர் கிரிக்கெட் பிரியர் என்பது நிறைய பேருக்குத் தெரியாது. சென்னையில் மாநிலக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் ஆடிய ஆட்டத்துக்கு அவர் பெயரில் கோப்பையே உண்டு. (சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையை ரசிக்கலாம். ஆனால் அது மதராஸ் அரசின் வேலை, அரசுப் பணம், கணக்கு உண்டு.)

அந்தக் கல்லூரி ஆட்டம் நடந்த ஊரில்தான் நம் கதையின் அடுத்த பகுதி. இந்தியக் கிரிக்கெட் வாரியம் சட்டப்படி தமிழ்நாட்டில் பதிவான ஒரு சங்கம். வாரியப் போட்டிகளில் நிர்வாகிகளுக்கு வணிக ஆதாயம் கூடாது என்று அதன் 6.2.4 விதி சொன்னது. 2008 தொடக்கத்தில் சென்னை ஐபிஎல் அணியை இந்தியா சிமென்ட்ஸ் வாங்கியது. அதன் நிர்வாக இயக்குநர் என்.சீனிவாசன் அப்போது வாரியப் பொருளாளர், தமிழ்நாடு சங்கத் தலைவரும் அவரே. செப்டம்பரில் விதி மாறியது: ஐபிஎல், சாம்பியன்ஸ் லீக் நீங்கலாக! ஆட்டம் தொடங்கின பிறகு எல்லைக்கோட்டை நகர்த்தி வச்ச மாதிரி.

முன்னாள் தலைவர் ஏ.சி.முத்தையா வழக்குப் போட்டார். 2011-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 2013-ல் பந்தயச் சூதாட்ட விவகாரம் வெடித்திருக்காவிட்டால் இது அப்படியே கிடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 2015 ஜனவரி 22-ல் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. வாரியம் செய்வது பொதுப்பணி, உயர் நீதிமன்றங்கள் அதைக் கேள்வி கேட்கலாம் என்றும் சொன்னது. ஜூலையில் லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டு ஆண்டு நிறுத்தியது.

ஆனால் வழக்குப் போடுவது ஒன்று, கணக்குக் கேட்பது வேறொன்று. அரசுக் கல்லூரி மாணவர், விளையாட்டுக்கென வாங்கிய கட்டணம் எங்கே போச்சு என்று 2005 தகவல் சட்டத்தில் பத்து ரூபாயில் மனுப்போடலாம். அதே பையன் மாநில அணித் தேர்வுக்குப் போனால் அந்த வழி எளிதில் திறக்காது. 2018-ல் மத்திய தகவல் ஆணையம் வாரியமும் சட்டத்துக்குள் வரும் என்றது. வாரியம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2025 தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் அரசு நிதி வாங்கும் அமைப்புகளை மட்டும் உள்ளே கொண்டுவந்தது. கிரிக்கெட் வாரியம் அரசிடம் நிதி வாங்குவதில்லை.