நிழலும் பொருளும்: லேவியராகமத்தின் பலிகளைத் திருச்சபை வாசித்த வரலாறு

ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒரு கிராமச் சபையில், லேவியராகமத்தின் பலிகளைக் குறித்துத் தொடர்ந்து சில ஞாயிறுகள் பிரசங்கித்தேன். இரத்தஞ்சிந்துதல் இல்லாமல் மன்னிப்பு உண்டாகாது என்பதே என் மையக் கருத்து. 5-ஆம் அதிகாரத்தில் ஏழை கொண்டுவரும் இரண்டு பறவைகள் வரை வாசித்து நிறுத்தி, அவற்றை நேராகக் கல்வாரிக்குக் கொண்டு சென்றேன். ஆராதனை முடிந்தபின் கூலி வேலை செய்யும் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். தமக்கு வாசிக்கத் தெரியாது என்றும், பேரன் வீட்டில் வாசித்துக் காட்டுவான் என்றும் கூறிவிட்டு, "ஐயா, அதுக்கு அடுத்த வசனத்திலே மாவு கொண்டுவந்தாலும் மன்னிப்பு உண்டுன்னு இருக்குதே, அதை ஏன் சொல்லாம விட்டுட்டீங்க?" என்று கேட்டார். அன்று என்னால் விடை கூற இயலவில்லை.

அவர் கூறியது உண்மை. இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவர வகையில்லாதவன், ஒரு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவரலாம் என்று 5:11 கூறுகிறது. அதன்மேல் எண்ணெயும் இல்லை, தூபவர்க்கமும் இல்லை. ஆயினும் அது பாவநிவாரணபலியே. அவன் பாவம் மன்னிக்கப்படும் என்பது 13-ஆம் வசனத்தின் வாக்கு. அந்த மூதாட்டியின் கேள்வி, பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் திருச்சபையின் வேத விளக்கத்தைத் தொடர்ந்து வந்துள்ள ஒரு கேள்வியின் எளிய வடிவம் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். பலிகள் மேசியாவுக்கு முன்னடையாளங்கள் எனில், அவற்றைச் செலுத்திய மனிதருக்கு அவை என்னவாயிருந்தன? இவ்விரண்டையும் திருச்சபை எவ்வாறு இணைத்தது, எங்கே பிரித்துவிட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. இஸ்ரவேலர் கொண்டுவந்தது

லேவியராகமத்தின் முதல் ஏழு அதிகாரங்கள் ஐந்து வகைப் படைப்புகளை விவரிக்கின்றன: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. இவற்றுக்கெல்லாம் பொதுவாக வழங்கும் எபிரெயச் சொல் 'கோர்பான்'. 'அருகில் வருதல்' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து அது பிறந்தது. ஆகவே அதன் அடிப்படைக் கருத்து கொல்லுதல் அன்று. தேவசமுகத்துக்கு அருகில் கொண்டுவருதலே.

நம் தமிழ் வேதாகமம் இவ்வைந்துக்கும் 'பலி' என்னும் ஒரே சொல்லைச் சேர்த்து வழங்குவதால், நமக்கு எல்லாமே இரத்தப் பலிகளாகத் தோன்றுகின்றன. ஆனால் போஜனபலி என நாம் வாசிப்பது மாவும் எண்ணெயும் தூபவர்க்கமும் சேர்ந்த படைப்பாகும். அதன் எபிரெயப் பெயர் 'மின்கா'. காயீன் கொண்டுவந்ததும் ஆபேல் கொண்டுவந்ததும் ஆதியாகமம் 4-இல் அதே சொல்லால் குறிக்கப்படுகின்றன. யாக்கோபு ஏசாவுக்கு முன்னே அனுப்பிய வெகுமதியும் அதுவே. நன்றியும் கீழ்ப்படிதலும் ஒப்புரவை நாடும் உள்ளமும் அச்சொல்லில் அடங்கியுள்ளன.

2. அப்போஸ்தலர் காட்டிய வழி

புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் பலிகளின் மொழியைக் கிறிஸ்துவுக்குத் தயக்கமின்றி வழங்கினர். பவுல் கிறிஸ்துவை நமது பஸ்கா என்கிறார் (1 கொரிந்தியர் 5:7). பஸ்கா ஆட்டின் எலும்பு முறிக்கப்படலாகாது என்னும் கட்டளையைச் சிலுவையின் அடியில் நினைவுகூருகிறது நான்காம் சுவிசேஷம் (19:36). இவ்வழிக்குத் தீர்க்கதரிசிகளிடத்திலேயே ஒரு தொடக்கம் உண்டு. ஏசாயா 53:10-இல் பாடுபடும் தாசனின் உயிர் 'ஆஷாம்' எனப்படுகிறது. லேவியராகமத்தில் குற்றநிவாரணபலிக்கு உரிய சொல் அதுவே.

இம்முறையை விரிவாகக் கையாளுவது எபிரெயருக்கு எழுதிய நிருபம். நியாயப்பிரமாணம் நிழலைக் கொண்டது என்கிறது அந்நிருபம். நிழல் என்பது பொய் அன்று. பொருள் இருப்பதனாலேயே நிழல் விழுகிறது. மேலும் அவ்வாசிரியர் சொற்களை அளந்து வழங்குபவர். 9:22-இல் எல்லாம் இரத்தத்தினால் சுத்திகரிக்கப்படுவதைக் கூறும் வாக்கியத்தை அவர் 'ஏறக்குறைய' என்னும் சொல்லோடு தொடங்குகிறார். அச்சொல் வாக்கியத்தின் முற்பகுதியில் நிற்கிறது. மன்னிப்பைப் பற்றிய பிற்பகுதியையும் அது தழுவும் எனக் கொள்வோரும் உண்டு. எவ்வாறாயினும், விதிவிலக்குகளை அறிந்த ஒருவரின் எழுத்து அது. நான் அந்நாள் பிரசங்கத்தில் விட்டுவிட்டது இந்த 'ஏறக்குறைய' என்னும் சொல்லையே.

3. பிதாக்களின் காலம்

கி.பி. 70-இல் தீத்துவின் சேனை எருசலேம் தேவாலயத்தை அழித்தது. அதன்பின் பலிபீடமின்றி லேவியராகமத்தை வாசிக்கவேண்டிய நிலை இரு சமுதாயங்களுக்கும் உண்டாயிற்று. தேவாலயத்தின் இடிபாடுகளைக் கண்டு துக்கித்த தம் தோழரிடம், இரக்கச் செயல்களே நமக்கு நிவாரணம் என்று ரபி யோகனான் பென் சக்காய் ஓசியா 6:6-ஐக் காட்டித் தேற்றியதாக யூத மரபு கூறுகிறது. அதே வசனத்தை நம் ஆண்டவர் இருமுறை எடுத்தாண்டதை மத்தேயு பதிவு செய்கிறார் (9:13, 12:7). வழிகள் பிரிந்தபோதும் இரு சாராரும் ஒரே தீர்க்கதரிசியிடம் சென்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

திருச்சபைக்குள் முதலில் எழுந்த பேராபத்து மார்சியோன். எபிரெய வேதத்தின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்த அவர் கி.பி. 144-இல் உரோமாபுரிச் சபையினின்று விலக்கப்பட்டார். மார்சியோனுக்கு எதிராகப் பழைய ஏற்பாட்டைக் காத்துத் தந்ததில் முன்னடையாள விளக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் காத்த கையே வேறொரு வகையில் காயமும் விளைவித்தது.

பர்னபாவின் நிருபம் எனப்படும் நூல் இதற்குச் சான்று. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியை ஒட்டியதாகக் கருதப்படும் அந்நூல், பாவநிவிர்த்தி நாளின் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களிலும் சிவப்புக் கிடாரியிலும் கிறிஸ்துவைக் காண்கிறது. அதே வேளையில், மோசே கற்பலகைகளை உடைத்தபோதே இஸ்ரவேலர் உடன்படிக்கையை இழந்துவிட்டனர் என்றும் வாதிடுகிறது. வியப்பு என்னவெனில், போக்காட்டின் தலையில் கட்டப்படும் சிவப்புக் கம்பளியைப் பற்றி அது பேசுகிறது. அது லேவியராகமத்தில் இல்லை. பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் 'யோமா' என்னும் பகுதியிலேயே காணப்படுகிறது. யூதரிடமிருந்து பெற்ற செய்தியைக்கொண்டே யூதருக்கு அவ்வேதம் உரியதன்று என்று அந்நூல் கூறுகிறது.

யுஸ்தீன் 'திரிப்போவுடன் உரையாடல்' என்னும் நூலில் ஒரு யூதரோடு வாதித்து உரையாடுகிறார். இரண்டு ஆடுகள் கிறிஸ்துவின் இரண்டு வருகைகளையும், குஷ்டரோகி சுத்திகரிப்பின்போது கொண்டுவந்த மாவு நற்கருணையின் அப்பத்தையும் குறிக்கும் என்பது அவர் விளக்கம். மாவை மறவாத முதல் விளக்கவுரையாளருள் அவரும் ஒருவர்.

சர்தை நகரத்து மெலித்தோ இரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் 'பஸ்காவைக் குறித்து' என்னும் அருளுரையை இயற்றினார். நெடுங்காலம் மறைந்திருந்த அதன் கிரேக்க மூலத்தைக் காம்பெல் போனர் 1940-இல் பதிப்பித்தார். சிற்பி முதலில் களிமண்ணிலோ மெழுகிலோ மரத்திலோ மாதிரி செய்கிறான்; உண்மையான படைப்பு எழுந்தபின் மாதிரிக்கு மதிப்பில்லை என்பது அவரது உவமை. இதில் ஓர் ஆழ்ந்த உண்மை இருப்பினும் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. மாதிரி மதிப்பற்றதானால் அதைக் கையில் ஏந்தி வாழும் மக்களும் மதிப்பற்றவராவர். அதே அருளுரையின் பிற்பகுதி இஸ்ரவேல் மீது தேவனைக் கொன்ற பழியைச் சுமத்துகிறது. அப்பழி பின்வந்த நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் யூதர் மீது எத்துணைத் துன்பத்தை வருவித்தது என்பதை நாம் அறிவோம். முன்னடையாள விளக்கம் வெறும் வகுப்பறைப் பொருள் அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகேன் செசரியாவில் லேவியராகமத்தின் மீது ஆற்றிய பதினாறு அருளுரைகள், ரூபீனுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் நமக்குக் கிடைத்துள்ளன. தகனபலியின் தோலை ஆசாரியன் உரிப்பதுபோல, எழுத்தின் திரையை விளக்குபவன் அகற்றவேண்டும் என்கிறார் அவர். தோலை உரித்தெறிவதில் அவர் விரைந்தார் என்று குறைகூறுவோர் உண்டு. ஆயினும் பலிகளைக் கிறிஸ்துவோடு நிறுத்தாமல், ஞானஸ்நானம், இரத்தசாட்சி, தருமம், பிறரை மன்னித்தல், பாவியைத் திருப்புதல், அன்பு, மனந்திரும்புதல் எனப் பாவமன்னிப்பின் ஏழு வழிகளாக வழிபடுவோரின் வாழ்வுக்குள் அவர் கொண்டுவந்தது பெருஞ்சிறப்பு.

4. இடைக்காலமும் சீர்திருத்தமும்

அகுஸ்தீன் 'தேவனுடைய நகரம்' பத்தாம் புத்தகத்தில், காணப்படும் பலி காணப்படாத பலியின் திருவடையாளம் என்கிறார். கொண்டுவருபவனின் உள்ளம் இங்கு மீண்டும் இடம்பெறுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இவ்வரலாற்றின் மிகத் தெளிவான படியை எடுத்துவைத்தார். பழைய பிரமாணத்தின் ஆசாரக் கட்டளைகளுக்கு இரண்டு காரணங்கள் உண்டு என்றார் அவர். அக்காலத்து மக்கள் தேவனை வழிபடுவதற்கு ஏற்ற நேர்ப்பொருளான காரணம் ஒன்று. கிறிஸ்துவைக் குறிக்கும் அடையாளக் காரணம் மற்றொன்று. ஒன்று மற்றொன்றை நீக்குவதில்லை. இதை ஆராயுங்கால் யூத ஞானியான மைமோனிதேசின் கருத்துகளையும் அவர் பயன்படுத்தினார்.

வில்லியம் டிண்டேல் 1530-இல் ஐந்தாகமங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, லேவியராகமத்தின் முன்னுரையில் உருவக விளக்கங்களைக் குறித்து எச்சரித்தார். உருவகம் ஓர் உண்மையை விளக்க உதவுமேயன்றி நிலைநாட்ட உதவாது என்பது அவர் கொள்கை. கிறிஸ்துவை நோக்காவிடில் மிருகக் கொழுப்பைத் தகனிக்கும் வழிபாடு நகைப்புக்குரியதாகும் என்று கால்வின் கூறினார். எனினும், இஸ்ரவேலரும் அதே உடன்படிக்கையின் கிருபையைப் பெற்றவர்களே என்பதையும் அவர் வலியுறுத்தியமையால், நிழலின் கீழ் வாழ்ந்தோரை அவர் வெறுங்கையராக விடவில்லை.

5. அண்மைக் கால ஆராய்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு போக்குகள் எழுந்தன. புதிய ஏற்பாடே பெயரிட்டுக் கூறியவை மட்டும் முன்னடையாளங்கள் என்று ஹெர்பர்ட் மார்ஷ் வரையறுத்தார். மாறாக, ஆசரிப்புக் கூடாரத்தின் ஒவ்வொரு முளைக்கும் மறைபொருள் கண்டோர் பலர். ஸ்காத்லாந்தின் பாட்ரிக் ஃபேர்பெர்ன் 1845-இல் வெளியிடத் தொடங்கிய நூலில் இவ்விரண்டுக்கும் நடுவே வழி தேடினார். அடையாளம் தன் காலத்தில் எந்தச் சத்தியத்தைப் போதித்ததோ, அதே சத்தியமே நிறைவேறுதலில் உயர்ந்த அளவில் வெளிப்படவேண்டும் என்பது அவர் விதி. 1878-இல் வெல்ஹவுசனின் ஆராய்ச்சி, லேவியரின் ஒழுங்குகளைச் சிறையிருப்புக்குப் பிந்திய காலத்தனவாகவும் ஆதி எளிமையினின்று இறங்கியனவாகவும் காட்டியது. அதன்பின் பல கல்விக்கூடங்களில் லேவியராகமம் ஏறக்குறைய மௌனமாயிற்று. லெயோன்ஹார்ட் கோப்பெல்ட் 1939-இல் வெளியிட்ட ஆய்வு முன்னடையாள விளக்கத்துக்கு மீண்டும் மதிப்பளித்தது.

யூத அறிஞர் யாக்கோபு மில்க்ரோம் 1971 முதல் எழுதிய கட்டுரைகளும், 1991-க்கும் 2001-க்கும் இடையே வெளிவந்த அவரது மூன்று தொகுதி விளக்கவுரையும் நமக்குப் பெரிதும் பயன்படுவன. பாவநிவாரணபலியின் இரத்தம் பாவியின்மேல் பூசப்படுவதில்லை. பலிபீடத்தின் கொம்புகளில் பூசப்படுகிறது என்பதை அவர் சுட்டிக்காட்டினார். மக்களின் பாவத்தால் தீட்டுப்பட்ட பரிசுத்த ஸ்தலத்தையே அது சுத்திகரிக்கிறது. தேவன் தம் ஜனத்தின் நடுவில் தொடர்ந்து வாசம்பண்ணும்படிக்கே அவ்வொழுங்கு. அவருடைய முடிவுகள் அனைத்தையும் எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. ஆயினும், எபிரெயர் 9:23-இல் பரலோகத்தின் ஸ்தலமே சுத்திகரிக்கப்படவேண்டும் என்னும் கடினமான வசனம் இதனால் ஒளிபெறுகிறது. நிழலை அதன் இடத்தில் நின்று ஆராய்ந்த ஒரு யூதர், கிறிஸ்தவ நிருபத்தின் ஒரு வசனத்துக்கு நமக்கு விளக்கு ஏந்துகிறார்.

6. பிரசங்கபீடத்துக்கு

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது ஒன்று உண்டு. பலியைக் கொண்டுவந்தவனை மறந்த விளக்கம், கிறிஸ்துவை உயர்த்துவதாக எண்ணிக்கொண்டு, அவர் உள்ளே வந்த வரலாற்றையே வெறுமையாக்கிவிடுகிறது. அவனை நினைவில் கொண்ட விளக்கமோ கிறிஸ்துவை இழக்கவில்லை. ஆகவே இறையியல் மாணவர் ஒரு பலியைக் குறித்துப் பிரசங்கிக்க எண்ணும்போது, அதை யார் கொண்டுவந்தார், எதற்காகக் கொண்டுவந்தார், பெற்றுச் சென்றது என்ன என்பவற்றை முதலில் கேட்கட்டும். அதன்பின் தீர்க்கதரிசிகள் அதைக் குறித்துக் கூறியதைக் கேட்கட்டும். அதற்கும் பின்னரே எபிரெயர் நிருபத்தைத் திறக்கட்டும்.

அந்த மூதாட்டிக்கு நான் அன்று கூற இயலாததை இன்று இவ்வாறு கூறுவேன். ஏழையின் ஒரு கைப்பிடி மாவு தனியே எரிக்கப்படவில்லை. பலிபீடத்தின்மேல், கர்த்தருக்குரிய மற்றத் தகனங்களின்மேல் வைத்து ஆசாரியன் அதை எரிக்கவேண்டும் என்பதே கட்டளை (5:12). அப்பலிபீடமோ ஆண்டுக்கொருமுறை, ஐசுவரியவானுக்கும் தரித்திரனுக்கும் பொதுவாக, இரத்தத்தினால் சுத்திகரிக்கப்பட்டது (16:18, 19). ஆகையால் புறாவுக்கும் வழியற்றவன் தன் மாவின் பெலத்தில் அல்ல, எல்லாருக்காகவும் ஆயத்தமாக்கப்பட்டிருந்த பீடத்தின் பெலத்தில் மன்னிப்படைந்தான். இதைவிடச் சிறந்த முன்னடையாளம் அவ்வதிகாரத்தில் இல்லை. அதைத்தான் நான் வாசிக்காமல் விட்டேன். நம் ஆண்டவரின் தாய் தம் சுத்திகரிப்பின் நாளில் ஏழைக்குரிய பறவைகளோடு தேவாலயத்துக்கு வந்தார் என்று லூக்கா எழுதியிருப்பதையும் (2:24) மறவாமல் இருப்போமாக. ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாத வீட்டிலேயே தேவ ஆட்டுக்குட்டி வளர்ந்தார்.