மேத்தா, சுபின் (தொடக்ககாலம், 1936–1962)

சுபின் மேத்தா மேலைச் செவ்வியல் சேர்ந்திசைக் குழுக்களை நெறியாளும் இந்தியக் கலைஞர். தெற்காசியாவில் பிறந்து இத்துறையின் முதல் வரிசையை எட்டியவர்களில் தலையாயவர். 1936 ஏப்ரல் 29ஆம் தேதி பம்பாயில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை மேலி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை நிறுவியவர். வீட்டில் நடந்த ஒத்திகைகளும் இசைத்தட்டுகளுமே மகனின் முதற் பள்ளி.

மருத்துவப் படிப்புக்கான கல்வியை இடையில் விட்டு, 1954இல் வியன்னா இசைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கு கொன்ட்ராபாஸ் என்னும் பெரிய தந்திக் கருவியைப் பயின்றதோடு, ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் நெறியாள்கையும் கற்றார். இசையெழுத்துப் பிரதியைப் பிசகாது பின்பற்றுவதே ஸ்வரோவ்ஸ்கியின் போதனை. பெரும் நெறியாளர்களின் ஒத்திகைகளைப் பார்க்க வெளியாருக்கு அனுமதி இல்லாததால், மேத்தாவும் சக மாணவர் கிளாடியோ அபாடோவும் பாடகர் குழுவின் கீழ்க்குரல் பிரிவில் சேர்ந்துகொண்டனர். புருனோ வால்டர், கராயன் ஆகியோரின் கையசைவுகளை வரிசையில் நின்று பாடியபடியே கவனித்தனர். வகுப்பறை தராத பயிற்சி இது.

1958இல் லிவர்பூல் பன்னாட்டு நெறியாளர் போட்டியில் முதற்பரிசு பெற்று, அந்நகர இசைக்குழுவில் ஓராண்டு துணை நெறியாளராகப் பணியாற்றினார். தொடர்ந்து பிற நெறியாளர்களுக்குப் பதிலாக மேடையேறக் கிடைத்த வாய்ப்புகளே அவரை வட அமெரிக்காவில் நிலைநிறுத்தின. வியன்னா, பெர்லின், இஸ்ரேல் பில்ஹார்மோனிக் குழுக்களை 25 வயதுக்குள் நெறியாண்டிருந்தார். 1961இல் மொன்றியல் சிம்பொனியின் இசை இயக்குநரானார். 1962இல் லொஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக்கின் பொறுப்பையும் ஏற்று, 1967வரை இரண்டையும் ஒருசேர நடத்தினார்.