துப்பாக்கியும் ஒரு பரீட்சையும்

வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஒருவர் உட்கார்ந்திருப்பாரே, அவரை எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள்? பாஸ்புக் மெஷின் எங்கே என்று கேட்கவும், பேனா கடன் வாங்கவும்தான் நமக்கு அவர் ஞாபகம் வரும். "அதுல தோட்டா இருக்கா, இல்ல சும்மா ஷோவுக்கா?" என்று கேட்டுச் சிரிக்கும் கஸ்டமர்களும் உண்டு. ஆனால் அந்தத் துப்பாக்கி அவர் கைக்கு வந்து சேர்ந்த கதை இருநூறு வருடத்துக்கும் மேல் நீளமானது. அதில் நம்மூருக்கும் பங்கு உண்டு, பம்பாய்க்கும் பங்கு உண்டு.

நான் காமர்ஸ் படித்தவன். சரித்திரம் என் பாடம் இல்லை. இதையெல்லாம் தேடிப் படிக்கக் காரணம் எங்கள் கிளைக் காவலர். முன்னாள் ராணுவத்துக்காரர், திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பது தாராவியில். அவருடைய தங்கை மகன் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் ஆயுதக் காவலர் வேலைக்குப் பயிற்சியில் சேர்ந்திருந்தான். பையன் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் மீடியம். "சார், ஓடுறது, குதிக்கிறது எல்லாம் செஞ்சிருவான். சட்டப் புஸ்தகம் இங்கிலீஷ்ல இருக்கு, முழிக்கிறான். நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுத்தா பொழச்சுக்குவான்" என்றார் காவலர். அப்பா இல்லாத பையன், கீழே ஒரு தங்கை. இந்த வேலை கிடைத்தால்தான் வாடகை. ஆக, ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் செம்பூரில் என் வீட்டு ஹாலில் வகுப்பு நடந்தது.

முதல் நாளே பையன் கேட்ட கேள்வி: "சார், துப்பாக்கி வச்சிக்கிறது நம்ம உரிமையா?"

பதில் சொல்ல 1801-க்குப் போக வேண்டியிருந்தது.

கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிட்டது எல்லோருக்கும் தெரியும். 1801-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து மறுபடி போர் தொடுத்ததும், மருது சகோதரர்களை அந்த அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்டதும் தெரியும். அதற்கு அடுத்து நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. 1801 டிசம்பர் 1-ந் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்களும் அவர்கள் ஆட்களும் துப்பாக்கி, ஈட்டி உட்பட எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்க வேண்டும். கோட்டைகள் தரைமட்டம் ஆக்கப்பட்டன. நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்பே தென் தமிழ்நாட்டில் ஒத்திகை நடந்துவிட்டது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. 1860-ல் ஒரு சட்டம், பிறகு லிட்டன் பிரபு காலத்தில் 1878-ல் இந்திய ஆயுதச் சட்டம். இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. அதாவது சட்டம் கேட்ட கேள்வி, "உனக்குச் சுடத் தெரியுமா?" என்பதல்ல, "நீ யார்?" என்பதுதான். விசுவாசமானவர்கள் என்று கருதிய குடகு மக்களுக்கு 1861-லேயே விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கு சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது.

இந்தப் பாரபட்சத்தை எதிர்த்து 1887-லேயே காங்கிரஸ் தீர்மானம் போட்டது. மாநாடு நடந்தது சென்னையில். தலைமை வகித்தவர் பம்பாய்க்காரரான பத்ருதீன் தயாப்ஜி!

சட்டம் இறுகினால் கள்ளப் பாதை திறக்கும் என்பதும் சரித்திரம். 1909-ல் லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகளைச் சதுர்புஜ் அமீன் என்பவரின் பெட்டிக்குள் ஒளித்துப் பம்பாய்க்கு அனுப்பினார். அந்த டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதும் ஒரு பிரௌனிங்கால்தான். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் பிரிட்டிஷ் ஆயுதச் சட்டம் செல்லாது, அங்கே வ.வே.சு. ஐயர் சுடக் கற்றுக்கொடுத்தார்.

சரி, சுதந்திரம் வந்ததும் ஆயுதம் உரிமையாயிற்றா? 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதும் ஒரு உரிமையாக இருந்தது. அதை நினைவூட்டி எச்.வி. காமத் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஒப்புக்கொள்ளவில்லை. அடிப்படை உரிமை என்றாகிவிட்டால் திருடனும் அதைக் கேட்பான், அரசாங்கம் எப்படித் தடுக்கும் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது.

பையனிடம் சொன்னேன்: "ஆக, உரிமை இல்லை தம்பி. அனுமதி மட்டும்தான்."

1959-ல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டு 1962 அக்டோபரில் அமலுக்கு வந்தது. இதிலும் லைசென்ஸ் கேட்பவரிடம் "எதற்கு வேண்டும்?" என்றுதான் முக்கியமாகக் கேட்டார்கள். உயிருக்கு ஆபத்தா, பயிர்க் காவலா, விளையாட்டா? காரணம் சரியாக இருந்து போலீஸ் விசாரணையும் முடிந்தால் லைசென்ஸ். பிடிக்கத் தெரியுமா என்ற கேள்வி 2016 ஆயுத விதிகளில்தான் ஒழுங்காக வந்தது. விண்ணப்பிப்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். கையாளுதல், சுடும் முறை, பராமரிப்பு, பத்திரமாக வைத்தல், எடுத்துச் செல்லுதல், சட்ட அறிவு எல்லாம் அதில் அடக்கம். மருத்துவச் சான்றிதழும் வேண்டும்.

கனடாவில் உள்ள சொந்தக்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1995 சட்டத்தின்படி அங்கே லைசென்ஸுக்கு முன் பாதுகாப்பு வகுப்பும் தேர்வும் உண்டு. கலிபோர்னியாவில் 30 கேள்விகளில் 23-க்குச் சரியான விடை எழுத வேண்டும். நாம் அந்த இடத்துக்கு வந்துசேர 1801-லிருந்து 215 வருடம் ஆகியிருக்கிறது.

செக்யூரிட்டி ஏஜென்சி காவலர்களுக்குத் தனிச் சட்டம், 2005-ல் வந்தது. 2006 மாதிரி விதிகளின்படி வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி. பையன் மாட்டிக்கொண்டது இந்தச் சட்டப் பகுதியில்தான்.

தற்காப்பு உரிமையைத்தான் அதிகம் படித்தோம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. "ஒருத்தன் கேஷியர்கிட்டருந்து பணக்கட்டைப் பறிச்சிட்டு ஓடுறான். சுடலாமா?" என்று கேட்டேன். "சுடலாம் சார், அதுக்குத்தானே துப்பாக்கி" என்றான். அங்கேதான் நிறுத்திப் புரியவைத்தேன். ஆயுதத்தைக் காட்டி உயிர் பயம் உண்டாக்கிக் கொள்ளையடித்தால் அது வேறு. வெறும் திருட்டுக்கு, உயிருக்கோ பெருங்காயத்துக்கோ ஆபத்து இல்லாதபோது, உயிரை எடுக்கும் உரிமை சட்டத்தில் கிடையாது. ஓடுபவன் முதுகில் சுட்டால் கூண்டில் நிற்கப்போவது காவலர்தான்.

மற்றதை மாமாவே நடத்தினார், கையில் ஒரு குடையை வைத்துக்கொண்டு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினை. சுட விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே. சுட முடிவு செய்யும் வரை விசையில் விரல் வைக்காதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். கடைசி விதியைச் சொல்லிவிட்டு, "நம்ம தெருவ நெனச்சுக்கோடா. தகரத்துக்குப் பின்னால யார் வீட்டுப் புள்ள தூங்குதோ" என்றார். 12 போர் தோட்டாவில் பல குண்டுகள், தூரம் போகப் போக சிதறும். தாராவி போன்ற இடத்தில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

2008 நவம்பர் 26-ஐ அனுபவித்த ஊர் இது. அதன் பிறகு அமைத்த பிரதான் கமிட்டி, போலீஸாருக்குத் தோட்டா பற்றாக்குறையால் சுடும் பயிற்சியே சரியாகக் கிடைக்கவில்லை என்றது. துப்பாக்கி கொடுப்பது சுலபம், பழக்குவதற்குத்தான் காசும் பொறுமையும் வேண்டும்.

பையன் தேறிவிட்டான். மாட்டுங்காவில் மூன்று பேருமாக ஃபில்டர் காபி குடித்தோம். இப்போது ஒரு கேஷ் வேனில் போகிறான். 2018 விதிகளின்படி வண்டிக்கு இரண்டு ஆயுதக் காவலர்கள், நகரத்தில் இரவு ஒன்பதுக்கு மேல் ஏடிஎம்மில் பணம் நிரப்பக்கூடாது. அவன் அம்மாவுக்கு அந்த ஒன்பது மணிக் கணக்கு மட்டும் மனப்பாடம். ஒன்பதரைக்குள் போன் வராவிட்டால் அண்ணனைக் கூப்பிட்டுவிடுகிறார்.

அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது வாசலில் இருப்பவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். அந்தத் துப்பாக்கியை அவர் ஒருநாளும் சுடாமலேயே ரிட்டயர் ஆனால், பாடத்தைச் சரியாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.