தனிமைச் சிறையும் அரசமைப்பும்: சுனில் பத்ரா வழக்கு

1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 30(2)-ஆம் பிரிவு, மரண தண்டனைக் கைதியைப் பிறரிடமிருந்து பிரித்துத் தனி அறையில் அடைக்கச் சொன்னது. தனிமைச் சிறையைத் தண்டனையாக விதிக்கும் அதிகாரமோ நீதிமன்றத்துக்கே உரியது. அதற்கும் மொத்தம் 3 மாதம், ஒரு தடவைக்கு 14 நாள் என இந்தியத் தண்டனைச் சட்டம் வரம்பு கட்டியிருந்தது. திகார் சிறையில், மேல்முறையீடு நிலுவையில் இருக்கையிலேயே சுனில் பத்ரா தனிமைப்படுத்தப்பட்டார்.

1978-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அப்பிரிவை நீக்கவில்லை. அதன் பொருளைச் சுருக்கியது. மேல்முறையீடும் கருணை மனுவும் முடிவுற்ற பின்னரே அப்பிரிவு பொருந்தும். அப்போதும் பிற கைதிகளைக் காணவும் கேட்கவும் இயலாத தனிமை கூடாது.

கட்டுண்டது சிறை அதிகாரியின் விருப்பம் மட்டுமே. தனிமையைத் தண்டனையாக்கும் விதி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 11, 12-ஆம் பிரிவுகளில் இன்றும் தொடர்கிறது.