அமைதிக் கடலும் மணப்பாட்டு அலையும்

மெரினாவின் இரைச்சலையோ குமரிமுனையின் சீற்றத்தையோ பார்த்துப் பழகிய வெளியூர்ப் பிரயாணி ஒருவர் தூத்துக்குடிக்கு வந்து கடற்கரையில் நிற்பாரானால், சமுத்திரம் என்று பெயர் பெற்ற வஸ்து இதுதானா என்ற சந்தேகமே அவருக்கு முதலில் உண்டாகும். ஏரி நீரைப் போலச் சிற்றலைகள் வந்து கரையைத் தொட்டு, தொட்டதற்கு மன்னிப்புக் கேட்பவைபோல் திரும்பிப் போகும். சென்னைக்கு அடுத்த கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகையின்மேல் ஏறி நின்று அலையோடு சறுக்கி வரும் விளையாட்டு இப்போது பிரசித்தமாகி, 2023-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டியே நடந்த பின்னர், தென்பாண்டிக் கடற்கரை இளைஞர்களுக்கும் அந்த ஆசை எழுந்ததில் வியப்பில்லை. ஆனால் தூத்துக்குடியில் பலகையை வைத்துக்கொண்டு அலைக்காகக் காத்திருப்பவர் வயோதிகம் எய்தும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அலை வேண்டுவோர் தெற்கே திருச்செந்தூரையும் குலசேகரன்பட்டினத்தையும் கடந்து மணப்பாட்டுக்குப் போக வேண்டும். இந்த ஊருக்கு அலை ஏன் இல்லை, அந்த ஊருக்கு மட்டும் ஏன் வந்தது என்று விசாரிக்கப் புகுந்தால், அது இந்தக் கரையின் இரண்டாயிர ஆண்டுச் சரித்திரத்தையே விசாரிப்பதாக முடிகிறது.

முதலில் பூகோள காரணத்தைச் சொல்லிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வங்கக்கடலில் எழும் பேரலைகளைக் கிழக்கே இலங்கைத் தீவும் வடகிழக்கே ஆதம் பாலத்து மணல்திட்டுகளும் தடுத்துவிடுகின்றன. ஆனி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்றோ ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே புகுந்து, நிலத்தின்மேல் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு கடலை நோக்கிப் போவதாதலால், கரையில் அலையை எழுப்புவதில்லை. மீதியிருப்பது தெற்கு வாயில் ஒன்றே. தென்துருவத்தை அடுத்த பெருங்கடலில் புயல்கள் கிளப்பிவிடும் நீண்ட அலைகள், ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து, தெற்கு நோக்கித் திறந்து கிடக்கும் மன்னார் வளைகுடாவினுள் நுழையத்தான் செய்கின்றன. ஆயினும் குமரிமுனையைச் சுற்றி வளைந்து வருவதில் பெருமளவு வலிமையை இழந்து, வடக்கே வரவர அகன்று ஆழம் குறையும் கடல்தரையில் உராய்ந்து தேய்ந்து, கடைசியில் பவளப்பாறைகளிலும் அவற்றை ஒட்டிய சிறு தீவுகளிலும் மோதி, தூத்துக்குடியை அடையும்போது பெயரளவிலேயே அலைகளாக இருக்கின்றன.

இந்த அமைதிதான் இக்கரையின் முதல் ஐசுவரியம். முத்துச்சிப்பி வளர்ந்த இடங்கள், கரையிலிருந்து பல மைல் தூரத்தில், பத்துப் பன்னிரண்டு பாக ஆழத்தில் கிடந்த பாறைத் திட்டுகள். பார் என்பது இவ்விடத்து வழக்கு, தொளாயிரம் பார் அவற்றுள் பேர்போனது. அந்த ஆழத்தில், சுவாசத்தை அடக்கிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டி இறங்கும் குளியாளிக்கு நீர் தெளிந்திருக்க வேண்டும். படகு அசையாது நிற்க வேண்டும். கயிறு பிடித்து மேலே நிற்பவனுக்குக் கீழிருந்து வரும் சிறு சுண்டுதலும் தெரிய வேண்டும். ஆகவேதான் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக்குரிய காலமாயின. கடல் சற்றுக் கலங்கினாலும் அன்றைய குளிப்பு நின்றுபோகும். கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் செங்கடல் வழிப் பிரயாண நூலை எழுதிய பெயர் தெரியாத கிரேக்க வணிகர், பாண்டிய ராஜ்யத்துக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக்கொண்டு முத்துக் குளித்ததாகக் குறித்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவின் காலத்துக்குள் நிலைமை மாறிவிட்டிருந்தது. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து, ஆட்களைக் கூலிக்கு அமர்த்திக் குளித்தார்கள் என்றும், எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், பெரிய மீன்கள் குளியாளிகளைத் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் போயிற்று என்றும் அவர் எழுதுகிறார். இந்த மந்திரவாதிகளுக்குக் கடல்கட்டி என்று பெயர். மந்திரத்தில் நம்பிக்கை இல்லாத ஆங்கில அரசாங்கமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களை வைத்துக்கொண்டே சலாபத்தை நடத்தியது. கடல்கட்டி கரையில் இல்லாவிட்டால் ஒருவரும் நீரில் இறங்க மாட்டார்கள் என்னும்போது, அவருக்குக் கொடுக்கும் பங்கை வீண்செலவு என்று எந்தக் கணக்கரால் சொல்ல முடியும்?

சலாபம் நடந்த ஆண்டுகளைவிட நடவாத ஆண்டுகளே அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து பாரில் ஒட்டினால் விளைச்சல். ஒட்டாவிட்டால் வெறும் பாறை. 1830-க்குப் பிறகு நெடுங்காலம் இந்தக் கரையில் முத்தே இல்லாமற்போனபோது, பாம்பன் கால்வாயை அகலப்படுத்தியதால் நீரோட்டத்தின் வேகம் கூடி, குஞ்சுகள் பாரில் நிலைக்கவில்லை என்ற அபிப்பிராயமும் எழுந்தது. அது சரியோ தவறோ, ஒரு பக்கம் கடலைத் தொட்டால் மறுபக்கம் என்ன ஆகும் என்ற கவலை இங்கே அப்பொழுதே பிறந்துவிட்டது. 1955-இல் மறுபடி தொடங்கிய வரிசைச் சலாபங்கள் 1961-உடன் முடிந்தன. அதன் பின் பார்கள் விளையவில்லை. 1973-இல் தூத்துக்குடிக்கு அருகே வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் மணியை வைத்து வளர்ப்பு முத்தை விளைவித்தார்கள். ஆனால் சலாபம் திரும்பவில்லை. தூத்துக்குடியின் திரேஸ்புரத்திலிருந்து இன்றும் சங்கு குளிக்கச் செல்வோர், காற்று அழுத்தும் இயந்திரத்தின் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள்.

அமைதியின் மறுபக்கம் துறைமுகங்களின் கதை. அலை ஓய்ந்த கடலில் ஆறு கொண்டுவந்து போடும் வண்டல் போட்ட இடத்திலேயே கிடக்கும். தாமிரபரணி அவ்விதம் வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போயிற்று. பாண்டியரின் பெருந்துறையான கொற்கை இப்போது கடலிலிருந்து ஏறக்குறைய ஐந்து மைல் உள்ளே, வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவில் ஒரு சிற்றூர். அதன் வாரிசாக வந்து, அரபு நாட்டுக் குதிரைகள் இறங்கிய காயலும் கடலை இழந்து பழைய காயலாயிற்று. இவ்விரண்டு ஊர்களிலும் தோண்டிப் பார்த்து 1877-இல் எழுதிய கால்டுவெல் பாதிரியார், கடலிலிருந்து விலகிப்போன துறைக்குப் பதிலாகப் புதுத்துறை தோன்றும் இந்த முறையைத் தெளிவாகக் காட்டினார். அதற்குப் பின் போர்ச்சுகீசியரின் புன்னைக்காயல். அதற்கும் பின்னர்தான் ஆற்றுமுகத்தை விட்டு விலகி நின்ற தூத்துக்குடி தலையெடுத்தது. 1658-இல் அதை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1825-இல் அது ஆங்கிலேயர் வசம் நிலைத்தது.

தூத்துக்குடிக்கு முயல் தீவு முதலிய தீவுகள் இயற்கையாக அமைந்த அரண். ஆனால் அந்த அரணுக்குள் ஆழமில்லை. 1876-இல் ரயில் வந்து சேர்ந்தபிறகு, கொழும்புக்குச் செல்லும் பிரயாணிகளும் பருத்தி மூட்டைகளும் குவிந்தபோதும், நீராவிக் கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரமிட்டன. எல்லாவற்றையும் தோணிகளே அங்கும் இங்கும் சுமந்தன. 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் காலியா, லாவோ என்ற கப்பல்கள் இதே ஆழமற்ற கடலில்தான் வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டியிட்டன. சென்னையோடு இதை ஒப்பிட்டால் விசித்திரம் புரியும். அங்கே ஆழமுண்டு, ஆனால் கப்பலிலிருந்து கரைக்கு வருவதற்குள், கயிற்றால் தைத்த மசூலாப் படகில் மூன்று வரிசை அலைகளைத் தாண்டி, பெரிய துரைமார்களும் நனைந்தே இறங்க வேண்டியிருந்தது. அந்த அலையை அடக்க 1875-இல் அஸ்திவாரக் கல் நாட்டி எழுப்பிய சுவர்களை 1881-ஆம் ஆண்டுப் புயல் அடித்துக்கொண்டு போயிற்று. சென்னை அலையோடு போராடியது; தூத்துக்குடி ஆழமின்மையோடு போராடியது. அந்தப் போராட்டத்தின் முடிவு, 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு இன்று வ. உ. சி. பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம்: வடக்கே 4,098 மீட்டர், தெற்கே 3,873 மீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் ஓடும் இரண்டு கல்சுவர்கள், கரைக்கு வர மறுத்த ஆழத்தைத் தேடிப் போன கரை என்றே அவற்றைச் சொல்லலாம்.

இனி மணப்பாடு. திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் பத்துப் பன்னிரண்டு மைல் தொலைவில், தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த கரையிலிருந்து ஒரு மணற்பாறைக் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் பாறை நீருக்குள்ளும் தொடர்கிறது. பக்கத்தில் கருமேனி ஆறு கலக்கிறது. தெற்கிலிருந்து வரும் நீளலை, தூத்துக்குடியில் போல் அகன்ற தரையில் தேயாமல், இந்த முனையின் பாறையை ஒரு பக்கமாகத் தொட்டவுடன் அந்தப் பக்கம் மட்டும் வேகம் குறைந்து, மறுபக்கம் முன்னேறி, முனையைச் சுற்றி வளைந்துகொண்டே உடைகிறது. ஒரே சமயத்தில் நெடுக மடிந்து விழும் அலை சறுக்குவோருக்குப் பிரயோஜனப்படாது; இப்படி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லச் சுருண்டு போகும் அலையே அவர்கள் தேடுவது. அதிலும் மேல்காற்றுக் காலத்தில் நிலத்திலிருந்து எதிர்த்து வீசும் காற்று அலையின் முகத்தைச் சற்றுநேரம் நிமிர்த்திப் பிடிக்கும். ஈழத்தின் கீழ்க்கரையில், உலகெங்கும் உள்ள சறுக்காளர் வைகாசி முதல் புரட்டாசிவரை கூடும் அறுகம்பையிலும் இதே தெற்கத்தி அலை இதே விதமாகத்தான் முனையைச் சுற்றுகிறது. எந்தத் தீவு தூத்துக்குடியின் அலையை மறிக்கிறதோ அந்தத் தீவின் மறுகரையிலே சிறந்த அலை கிடைப்பதும் ஒரு வேடிக்கை.

மாலுமிகள் மணப்பாட்டு முனையை விளையாட்டு ஸ்தலமாகக் கண்டதில்லை. புயலில் பாய்மரம் முறிந்த போர்ச்சுகீசியக் கப்பலொன்றின் தலைவர், உயிர் பிழைத்தால் முறிந்த மரத்தாலேயே சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டு, 1540-இல் இந்தக் குன்றின்மேல் நாட்டினார் என்பது ஊரின் பரம்பரைச் செய்தி. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் குன்றின் கடற்பக்கத்துக் குகையில் தங்கியிருந்தார். அங்கே எழுந்த திருச்சிலுவை ஆலயத்தின் பெருவிழா ஆண்டுதோறும் புரட்டாசிக்கு முன்னதாக, செப்டம்பர் 14-இல் நிறைவுறுகிறது. கலங்கரை விளக்கமும் அதே முனையில் நிற்கிறது. விலகிப் போ என்று கப்பல்களுக்கு இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த பாறையைத் தேடிக்கொண்டு, பகலில் கையில் பலகையோடு இளைஞர்கள் வருகிறார்கள் என்பதைக் கேட்டால் அந்தக் காலத்துக் கப்பல்தலைவர்களுக்குப் புத்தி தடுமாறிப்போகும்.

இங்குள்ள மீனவரின் அபிப்பிராயம் நடுநிலையானது என்றே சொல்ல வேண்டும். அலை உடையும் கரையில் படகு தள்ளுவதன் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும்; தொலைதூரத்துப் புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும் கள்ளக்கடலையும் அவர்கள் அறிவார்கள். ஹைதராபாத்திலிருந்து கடல் தகவல் மையத்தார் அதைப் பற்றி இப்போது முன்னெச்சரிக்கை அனுப்புகிறார்கள். அலைச்சறுக்குப் பழகுவோர் அந்த எச்சரிக்கையை அழைப்பிதழாக எண்ணிவிடக் கூடாது.

தூத்துக்குடியின் அமைதிகூட எக்காலத்துக்கும் சாசனம் செய்து கொடுக்கப்பட்டதன்று. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பதிற்றாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவாக, அலையை உடைத்துக்கொண்டிருந்த வேலி தாழ்ந்தது. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளுள் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள விலங்குச்சல்லி நீரில் மூழ்கிவிட்டது. வான் தீவு மிகவும் கரைந்து, அதைக் காப்பதற்காகச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. 1986-இல் இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கியதும், பின்னர் பவளத்தைத் தொடுவதையே குற்றமாக்கியதும் நல்ல காரியங்களே. நூறு வருஷம் முந்தி நடந்திருக்க வேண்டியவை.

மணப்பாட்டிலும் மணல் சும்மா இருக்கவில்லை. ஆற்றுமுகத்தருகே மணல் மேடிட்டுப் படகுகளுக்கு வழி அடைபடுவதால், கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டித்தர வேண்டும் என்பது அவ்வூர் மீனவரின் நெடுநாளைய கோரிக்கை. கற்கள் விழுந்தால் மணல் வேறிடத்தில் சேரும். மணல் இடம் மாறினால் முனையைச் சுற்றி வரும் அலையின் உருவமும் மாறக்கூடும். சறுக்க வருபவர்கள் அதற்காக வருந்தலாம். ஆனால் தினமும் விடியற்காலையில் அந்த அலைக்குள் படகைத் தள்ளுகிறவர்கள் கேட்பதையே முதலில் கேட்க வேண்டும். கற்களை எங்கே, எவ்வளவு நீளம் கொட்டுவது என்று தீர்மானிக்குமுன் கருமேனி ஆற்றின் மணல் ஒரு வருஷ காலத்தில் எந்தெந்தத் திசையில் போகிறது என்பதையாவது பொறியாளர்கள் அளந்துகொள்வார்களாக.