அதிமதுரக் கஷாயம்: ஒரு வேரின் வரலாறும் அளவும்

முன்னுரை

ஐப்பசி அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் சளி, இருமல் என்றால் சுக்கு, சித்தரத்தை, அதிமதுரம் இவற்றை இடித்துக் கஷாயம் வைப்பது தமிழ்நாட்டு வீடுகளின் வழக்கம். இவற்றுள் அதிமதுரம் இம்மண்ணில் இயல்பாக வளரும் செடியன்று. கருங்கடற்பகுதி, ஈரான், ஆப்கானிஸ்தான், நடு ஆசியா ஆகிய வறண்ட நிலங்களுக்கு உரியது. வணிகச் சரக்காகவே நம் நாட்டு மருந்துக் கடைகளுக்கு வந்து சேர்கிறது. இந்த வேர் தொண்டைக்கும் மார்புக்கும் மருந்தாக நிலைபெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வேரின் பயனைப் பழங்காலத்தவரே அறிந்திருந்தனர். எவ்வளவு, எத்தனை நாள் என்ற தெளிவு 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது என்பது இதன் துணிபு.

பழைய மருத்துவ நூல்கள்

கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் கி.மு. 300ஐ ஒட்டி எழுதிய தாவர நூலில், அசோவ் கடலருகே விளையும் இனிப்பான ‘சித்திய வேர்’ பற்றிக் குறிப்பிடுகிறார். மூச்சிரைப்பு, வறட்டு இருமல், மார்பு நோய் ஆகியவற்றுக்கு அது உதவும் என்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ், தொண்டைக் கரகரப்புக்கு இதன் சாற்றை நாவின்கீழ் அடக்கிக்கொள்ளச் சொல்கிறார். சரக சம்ஹிதை தொண்டைக்கு நலம் தரும் பத்து மூலிகைகளைத் தொகுக்கும் இடத்தில் திப்பிலி, கண்டங்கத்திரியோடு அதிமதுரமும் உள்ளது.

சீன மருத்துவர் சாங் சோங்ஜிங் கி.பி. 200ஐ ஒட்டித் தொகுத்த ‘ஷாங்ஹான் லுன்’ நமக்கு இன்னும் நெருக்கமான சான்று. தொண்டை வலிக்கு முதலில் அதிமதுரத்தை மட்டும் காய்ச்சிக் கொடுக்கவும், தணியாவிட்டால் ஜியேகெங் என்ற வேரையும் சேர்க்கவும் அது வழிகாட்டுகிறது. சீனர் பயன்படுத்தியது நெருங்கிய உறவுடைய வேறோர் இனம். ஆயினும் பயன் ஒன்றே. இந்நாடுகளுக்கிடையே வணிகத் தொடர்பு இருந்ததால், ஒவ்வொருவரும் தனித்தே கண்டறிந்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கேள்விப்பட்ட மருந்து நூற்றாண்டுகள் தாண்டி நிலைக்க வேண்டுமானால் அது நோயாளியின் தொண்டையில் இதம் தந்திருக்க வேண்டும்.

சென்னையில் பெயர்களும் சரக்கும்

விளையும் இடம் தொலைவில் இருந்ததால், கைக்கு வந்தது சரியான வேர்தானா என்ற கேள்வி தென்னிந்தியாவில் முக்கியமாயிற்று. மருத்துவர் ஒயிட்லா எய்ன்ஸ்லி 1813இல் சென்னையில் வெளியிட்ட நூல், இந்திய மருந்துச் சரக்குகளை உள்நாட்டுப் பெயர்களோடு பதிவு செய்தது. எட்வர்ட் ஜான் வேரிங் தொகுத்து 1868இல் வெளிவந்த இந்திய மருந்து நூலில், அதிமதுரத்துக்கு மாற்றாகக் குன்றிமணிக் கொடியின் வேர் இடம்பெற்றது. அக்கொடியின் விதையில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. இத்தகைய மாற்றுச் சரக்குகள் புழங்கிய காலத்தில் மூலிகையைப் பெயர் பிறழாமல் இனம் காண்பது உயிர் காக்கும் வேலை. சென்னை மருத்துவர் மொகிதீன் ஷெரீப், பல இந்திய மொழிப் பெயர்களை ஒப்பிட்டு 1869இல் வேரிங்கின் நூலுக்கு எழுதிய இணைப்பு இவ்வகையில் நம் நன்றிக்குரியது.

1946: ஒரு திருப்பம்

அதிமதுரம் ஐரோப்பிய, அமெரிக்க இருமல் மருந்துகளிலும் நெடுங்காலம் சேர்ந்திருந்தது. அதன் மறுபக்கத்தை வெளிக்கொணர்ந்தவர் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ். வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்த அவர், நோயாளிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உடலில் நீர் கோத்து வீக்கம் உண்டானதை 1946இல் பதிவு செய்தார். காரணம் முழுமையாகத் துலங்க 1987 வரை ஆயிற்று. சர்க்கரையைவிட ஏறத்தாழ 50 மடங்கு இனிக்கும் கிளிசரைசின் இவ்வேரின் தலையாய பொருள். அது குடலில் மாற்றமடைந்து இரத்தத்தில் கலந்தபின், சிறுநீரகத்தில் கார்டிசால் ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. கட்டுப்பாடிழந்த கார்டிசால் உப்பையும் நீரையும் உடலில் தேக்குகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது.

இதன் பயனாக, ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளும் கிளிசரைசினிக் அமிலம் 100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று ஐரோப்பிய ஆணையத்தின் உணவு அறிவியல் குழு 1991இல் வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட மூலிகைத் தொகுப்பு, தொண்டை வலிக்கும் இருமலுக்கும் இவ்வேரின் பயன்பாட்டை ஏற்றது. மருத்துவர் அறிவுரையின்றி 4 முதல் 6 வாரங்களுக்கு மேல் தொடரக் கூடாது என்றும் எச்சரித்தது. 2012இல் ஐரோப்பிய மருந்து முகமை, சளியோடு கூடிய இருமலுக்கு இதை ‘மரபுப் பயன்பாடு’ என்ற வகையில் சேர்த்தது. நீண்டகால வழக்கமே இதற்கு ஆதாரம். மருத்துவச் சோதனையால் உறுதியானது என்பது இதன் பொருளன்று. அறுவை சிகிச்சைக்கு முன் அதிமதுர நீரால் வாய் கொப்பளித்தவர்களுக்குத் தொண்டை வலி குறைந்ததை வியன்னாவில் 236 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் காட்டியது. அது கொப்பளிப்புக்கான சான்று. பருவகாலச் சளிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

முடிவுரை

மரபு பயனைச் சொன்னது. நவீன ஆய்வு எல்லையைச் சொன்னது. இரண்டையும் சேர்த்துக் கொள்பவரே இவ்வேரைச் சரியாகப் பயன்படுத்துபவர். தொண்டை கரகரக்கும் சில நாள்களுக்கு அதிமதுரக் கஷாயம் இதமளிக்கும். நோய் எதிர்ப்புக்கென்று மாதக்கணக்கில் நாள்தோறும் குடிப்பதற்கு இவ்வரலாறு இடம் தரவில்லை. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோரும், நீர் பிரிக்கும் மாத்திரை உட்கொள்வோரும், கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும். மூச்சுத் திணறலோ விடாத காய்ச்சலோ இருந்தால் கஷாயத்தை நம்பிக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சித்த மருத்துவக் கல்லூரிகளும் நாட்டு மருந்துக் கடைகளும் அதிமதுரத்தின் பெருமையோடு அதன் அளவையும் மக்களிடம் எடுத்துச் சொன்னால், 2300 ஆண்டுகளாகத் திரண்ட அறிவு முழுமையாக வீடுகளைச் சென்றடையும்.